கட்டடம் சாரும் வெள்ளைக்காரன் அடுப்பும்

காஞ்சிபுரத்தில் வாழ்ந்து, ஒரு கட்டடத்தின் மேல் பைத்தியமாக இருந்து, அந்தக் கட்டடம் கோயிலாக இல்லாமல் போன ஒரே மனிதர் எங்கள் ஹெட் கிளார்க்தான். இதை எந்தச் சன்னிதியில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

எங்கள் ஊர் சமாச்சாரம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஆயிரம் வயதுக்குக் குறைந்த எதையும் இங்கே பழசு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்நூறு வருஷத்து மண்டபத்தில் மாட்டைக் கட்டிவிட்டு, "இது நேத்திக்குக் கட்னதுபா" என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், வெள்ளைக்காரன் காலத்து ரயில் கம்பெனி லைன் போட்ட கையோடு கட்டிவிட்டுப் போன ஒரு செங்கல் ஆபீசை எவன் மதிப்பான்? ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளி, வேப்பமரத்துக்குப் பின்னால் சிவப்பாக நிற்கும். தண்டவாளம், கட்டை, ஜல்லி, பாலம் எல்லாவற்றையும் பராமரிக்கிற பிரிவுக்கு அதுதான் ஆபீஸ். அதற்கு ஊரில் மரியாதை கொடுத்தது இரண்டே ஜீவன்கள். ஒன்று, மத்தியானம் நிழலுக்கு வந்து படுக்கும் எருமை. இன்னொன்று எங்கள் ஹெட் கிளார்க்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவர் பெயர் 'கட்டடம்'. "கட்டடம் வந்தாச்சா?" "கட்டடம் இன்னைக்கு அரை நாள் லீவு." "கட்டடத்துக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல." புதிதாகக் கேட்பவர்கள் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். நேரில் மட்டும் 'சார்' சேர்த்துக்கொள்வோம்.

அறுபதுகளின் நடுவில் நான் அங்கே ஜூனியர் கிளார்க்காகச் சேர்ந்தேன். முதல் நாள் உள்ளே போய் வணக்கம் வைத்ததும், கையில் இருந்த குடையால் என்னை நிறுத்தினார். வெயிலோ மழையோ, அந்தக் குடை அவர் கையில் இருக்கும். அதை விரித்து யாரும் பார்த்ததில்லை. சுவரையும் கூரையையும் சுட்டிக் காட்டுவதற்கென்றே வாங்கிய குடை அது.

"எந்தப் பக்கமா உள்ள வந்தே?"

"வாசல் பக்கமா சார்."

"வரும்போது தலைக்கு மேல இன்னா இருந்துது?"

யோசித்தேன். "வானம் சார்."

"ஆர்ச்சு இருந்துதுபா! வரிசையா நின்னுக்கினு இருக்குதுங்க, உன்னை வான்னு கூப்புட்டுக்கினு. நீ ஒரு பார்வைகூடப் பாக்காம எருமை மாதிரி உள்ள வந்துட்டே. எருமைகூட நின்னு பாக்கும்."

என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், மறுபடியும் உள்ளே வரச் சொன்னார். இந்தத் தடவை ஒவ்வொரு வளைவின் அடியிலும் நின்று, அண்ணாந்து பார்த்து, கழுத்து சுளுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். நான் கொண்டுவந்த உத்தரவை அன்று சாயங்காலம்தான் வாங்கிப் பார்த்தார். "வேலை எங்கபா ஓடிப் போவுது? முதல்ல எடத்தைப் பாரு" என்றார்.

பார்க்கிற மாதிரிதான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். முன்பக்கம் முழுக்க ஒரே நீள வராண்டா. அதில் செங்கல் வளைவுகள். மேலே தேக்கு உத்தரம், அதன் மேல் குத்துக்கல்லாக அடுக்கிய சின்னச் செங்கல், சுண்ணாம்புத் தளம். வராண்டாவின் இரண்டு கோடியிலும் தாங்கலாக நட்டிருந்தது பழைய தண்டவாளம். அந்த இடத்துக்கு வரும்போது கட்டடம் சாரின் குரல் கம்மிவிடும். "ரிடையர் ஆன தண்டவாளத்தைக்கூட வூட்டுக்கு அனுப்பாம வேலைல வெச்சுக்கினு இருக்காங்க. நம்மளை யாராவது வெச்சுப்பாங்களா?" என்பார்.

கதவுகள் எல்லாம் வெளியே வராண்டாப் பக்கமாகத் திறக்கும். தீப்பிடித்தால் எல்லோரும் தள்ளிக்கொண்டு ஓட வசதியாக வெள்ளைக்காரன் யோசித்து வைத்தது என்பது கட்டடம் சாரின் விளக்கம். தச்சன் சாராயம் குடித்துவிட்டுக் கீலை மாற்றி அடித்துவிட்டான் என்பது எங்கள் பியூன் மஸ்தான் பாயின் கட்சி. இந்தக் கதவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஆனால் அந்தக் கட்டடத்தின் மகுடம் இதெல்லாம் இல்லை. நடு ஹாலில், ஹெட் கிளார்க் மேஜைக்கு எதிர்ச்சுவரில், ஒரு கணப்பு இருந்தது. குளிர்காய விறகு போட்டு எரிப்பார்களே, அந்த அடுப்பு. மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு புகைபோக்கி. அதன் தலையில் செங்கல்லில் பூவேலை வேறு. பங்குனியில் பல்லிகூட மயங்கி விழுகிற காஞ்சிபுரத்தில், குளிர்காய ஒரு அடுப்பு! ஊரில் அதற்கு 'வெள்ளைக்காரன் அடுப்பு' என்று பெயர். அது கட்டின நாளிலிருந்து எரிந்ததே இல்லை. கொடிக்கம்பங்களும் ஓட்டை வாளியும் அதற்குள் இருந்தன. ஒரு பூனை வருஷா வருஷம் வந்து அதில் குட்டி போட்டுவிட்டுப் போகும்.

அது ஏன் இங்கே வந்தது என்பதற்குக் கட்டடம் சாரிடம் ஒரு வரலாறு இருந்தது. கம்பெனிக்காரன் ஒரே சமயத்தில் இரண்டு ஆபீசுக்கு வரைபடம் போட்டானாம். ஒன்று ஊட்டிக்கு, ஒன்று காஞ்சிபுரத்துக்கு. தபாலில் இரண்டும் மாறிப் போய்விட்டதாம்.

"நம்ம படம் அங்க போயிடுச்சு. மலைமேல ஒரு ஆபீசு இருக்குது. காத்து வர நீள வராண்டா, பெரிய பெரிய ஜன்னலு. அடுப்பு கெடையாது. அந்த ஆபீசு கிளார்க்குங்கள்லாம் இன்னைக்கும் கம்பளியைப் போத்திக்கினு, பல்லு கிட்டிக்கினு, நம்மளைத் திட்டிக்கினே பைல் பாத்துக்கினு இருக்காங்கபா."

"அப்ப நம்ம வராண்டா எந்தப் படத்துல சார் இருந்துது?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கோயில்களை அவர் மதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. போவார், கும்பிடுவார். கும்பிட்டுக்கொண்டே கண் கூரைக்குப் போய்விடும். "ஆயிரங்கால் மண்டபம் கட்டினாங்களே, ஒரு ஃபேன் மாட்ட கொக்கி வெச்சானா பாரு. கோபுரம் ஒசரம்தான். யாராவது உள்ள குந்தி ஒரு பைல் பாக்க முடியுமா?" என்பார். பக்கத்தில் நிற்கிற பக்தர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். குருக்கள் தட்டை நீட்டுவதற்கு முன்னால் நாங்கள் அவரைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவோம்.

ஆபீசுக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும், கட்டடத்தைச் சுற்றிக் காட்டாமல் விடமாட்டார். தாமலில் இருந்து ஒரு விவசாயி வந்தார். அவர் மாட்டை ரயில் அடித்துவிட்டது. மனுஷன் அழுதுகொண்டே வந்தார். கட்டடம் சார் அவர் தோளில் கை போட்டு, வளைவில் ஆரம்பித்து, தளத்துக்கு ஏற்றி, கணப்பில் கொண்டுபோய் முடித்தார். விவசாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா கட்டிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாடு ஞாபகம் ஊர் போய்ச் சேர்ந்தபிறகுதான் வந்திருக்கிறது. அடுத்த வாரம் திரும்ப வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு கத்தினார்: "ஐயா, நான் உள்ள வரமாட்டேன். மாட்டைப் பத்தி மட்டும் இங்கியே சொல்லிடுங்க!"

இனி வராண்டா விஷயத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரத்தில் விடிந்தால் தெருவை அடைத்துப் பாவு நீட்டியிருப்பார்கள். பாவு என்றால் புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகள். இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, சிக்கெடுத்து, பிறகு பதமாகச் சுருட்டித் தறிக்குக் கொண்டுபோவார்கள். நீட்டின பாவைப் பாதியில் சுருட்டக் கூடாது. அதைத் தாண்டவும் கூடாது. கலெக்டரே வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மழைக்காலம் வந்தால் நெசவாளர்களுக்குத் திண்டாட்டம். தெரு நனைந்து கிடக்கும், வீட்டுக்குள் அவ்வளவு நீளம் கிடைக்காது. ஒரு பாவு நீட்டுகிற நீளத்துக்குக் கூரை போட்ட இடம், கோயிலை விட்டால் எங்கள் ஆபீஸ் வராண்டாதான்.

ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் ஏகாம்பரம் என்று ஒரு நெசவாளர். அவரும் அவர் மனைவி பச்சையம்மாவும் ஒரு ஐப்பசியில் தயங்கித் தயங்கி வந்து வராண்டாவைக் கேட்டார்கள். ரயில்வே விதிப்படி வராண்டாவில் கோழிகூட மேயக் கூடாது. கட்டடம் சார் ஒரு விநாடி யோசிக்கவில்லை.

"மழை பெஞ்சா வராண்டா ஒனக்குத்தான்பா. கேக்கவே வேணாம், வந்து கட்டு. அந்தக் கோடித் தண்டவாளத்துல இழுத்துக் கட்டு. பட்டுக்கு அது தாங்காதா இன்னா? ரயிலையே தாங்கினதாச்சே."

இதற்கு அவர் வாங்கிய வாடகை ஒன்றுதான். அவர்கள் இழை முடிந்துகொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகக் கட்டடத்தின் வரலாற்றைச் சொல்வார். ஓட முடியாது, கையில் பட்டு இருக்கிறது. எத்தனையோ மழைக்காலம் அவர்கள் அதைக் கேட்டார்கள்.

கட்டடத்துக்கு ஒரே ஒரு குறை இருந்தது. மழை பெய்தால், புகைபோக்கி கூரையைத் துளைக்கிற இடத்தில், கணப்புக்கு இடது பக்கமாக ஒழுகும். பெரிசாக ஒன்றும் இல்லை, சொட்டுச் சொட்டாக. கட்டடம் சார் கோடை தோறும் தானே மேலே ஏறி, சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் கலந்து பூசுவார். எறும்புகள் வெல்லத்தைத் தின்றுவிட்டுப் போகும். ஐப்பசியில் மறுபடியும் சொட்டும். ஆனால் 'ஒழுகுது' என்ற வார்த்தையை அந்த ஆபீசில் யாரும் சொல்லக் கூடாது.

"வேர்க்குதுபா. நமக்கு வேர்க்கறதில்ல? அதுக்கும் உசுரு இருக்குது."

"மழைல யாருக்கு சார் வேர்க்கும்?" என்பார் மஸ்தான் பாய்.

"நீ வாளியை வை."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மெட்ராசில் இருந்து அந்தச் செய்தி வந்தது. மேலிடத்தில் யாருக்கோ கான்கிரீட் மோகம் பிடித்திருந்தது. பழைய ஆபீஸ் கட்டடங்களை எல்லாம் இன்ஜினியர் ஒருவர் மழைக்காலத்தில் நேரில் போய்ப் பார்ப்பார். ஒழுகாவிட்டால் இருக்கட்டும். ஒழுகினால் இடித்துவிட்டு, ஆட்களைச் செங்கல்பட்டு ஆபீசோடு சேர்த்துவிட வேண்டியது. இவ்வளவுதான் உத்தரவு.

எங்களுக்குச் செங்கல்பட்டு என்றால் தினம் போக வர ரயில், அவ்வளவுதான் கவலை. கட்டடம் சார் மூன்று வேளையும் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டு அம்மாள் வந்து எங்களிடம் சண்டை போட்டார்கள். "மூத்த தாரம் சாவக் கெடக்கறாப்பல கெடக்கிறாரு. அந்த ஆபீசை இடிச்சா நல்லதுதான், ஆனா இந்த மனுஷன் பொழைக்க மாட்டாரு" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கும் கிண்டல் வரவில்லை. ரிடையர் ஆக அவருக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது.

இன்ஜினியர் வருகிற நாள் வந்தது. வானம் பொத்துக்கொண்ட மாதிரி மழை. கட்டடம் சார் ஆபீசுக்கு வந்ததைப் பார்த்து நாங்கள் அசந்து போனோம். தலையில் ஒரு தலைப்பாகை! எட்டு முழ வேட்டியை முழுசாகச் சுற்றியிருந்தார். வாழ்நாளில் அவர் தலைப்பாகை கட்டியதில்லை.

"இன்னா சார் இது, மாப்பிள்ளை அழைப்பா?" என்றார் மஸ்தான் பாய்.

"பெரிய மனுஷன் வராருபா. மரியாதை வாணாமா?" என்றார். வாளியை எடுத்து ஒளித்து வைக்கச் சொன்னார்.

காலை ரயிலில் இன்ஜினியர் வந்து இறங்கினார். நல்ல ஆகிருதி. கண்ணாடி, கோட்டு, பளபளவென்று பூட்ஸ். மத்தியான ரயிலில் திரும்ப வேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். வராண்டாவைப் பார்த்தார். பைல் அறையைப் பார்த்தார். எங்கும் பொட்டு ஈரம் இல்லை. கட்டடம் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசியாக நடு ஹாலுக்கு வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் கட்டடம் சார் விறுவிறுவென்று நடந்து, கணப்புக்கு இடது பக்கம் போய், விறைப்பாக நின்றுகொண்டார்.

இன்ஜினியர் நாற்காலியில் உட்கார்ந்தார். மஸ்தான் பாய் டீ கொடுத்தார். இன்ஜினியர் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "நல்ல கட்டடமாத்தான் தெரியுது. உங்க ஆபீசைப் பத்தி நீங்க ஏதோ நிறைய சொல்வீங்களாமே? சொல்லுங்க, கேக்கலாம்" என்றார்.

இத்தனை வருஷமாக மாடு செத்தவனையும் பார்சல் அனுப்ப வந்தவனையும் பிடித்து வைத்துச் சொன்ன மனிதருக்கு, கடைசியில் கேட்க வேண்டிய ஆளே எதிரில் உட்கார்ந்து கேட்கிறார். கட்டடம் சார் வாயைத் திறக்கவில்லை. கல்லாக நின்றார். பயத்தில் நாக்கு இழுத்துக்கொண்டதோ என்று நினைத்தேன்.

இன்ஜினியர் டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். "சரி, பாத்தாச்சு. ஒழுகல் ஒண்ணும் இல்ல. கிளம்பறேன்" என்று கதவைத் தள்ளினார். கதவு நகரவில்லை. வெளியே இருந்து ஒரு குரல் அலறியது.

"ஐயோ சாமி! தள்ளாதீங்க! பாவு இருக்குது!"

ஏகாம்பரம்! மழை பெய்தால் வராண்டா அவருக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தது கட்டடம் சார்தான். அந்த வாக்கு இன்றைக்கு இல்லை என்று சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. இன்ஜினியர் பைல் அறையில் இருந்தபோது ஏகாம்பரமும் பச்சையம்மாவும் வந்து, வராண்டாவின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை பாவை நீட்டிவிட்டார்கள். வெளிப்பக்கம் திறக்கிற கதவுகள் எதையும் திறக்க முடியாது. பின்கதவு ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் கொல்லையில் முழங்காலுக்குத் தண்ணீர்.

இன்ஜினியர் ஜன்னலுக்குப் போய்ச் சத்தம் போட்டார். "யாருய்யா நீ? இது ரயில்வே ஆபீஸ். சுருட்டுய்யா அதை!"

"நீட்டின பாவைப் பாதியில சுருட்டக் கூடாதுங்க. கல்யாணப் பொடவைங்க. அந்தப் பொண்ணுக்கு ஆவாதுங்க."

இன்ஜினியர் கை ஜன்னல் கம்பியிலேயே நின்றது. "எப்போ கல்யாணம்?"

"தை மாசங்க."

அவர் பெண்ணுக்கும் தையில்தான் கல்யாணம் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நிதானமா பண்ணச் சொல்லுங்க" என்றார். அந்தப் பக்கம் மத்தியான ரயில் கூவிக்கொண்டே போயிற்று.

அப்போதுதான் நான் கட்டடம் சாரின் தலைப்பாகையைக் கவனித்தேன். உச்சியில் காசு அகலத்துக்கு ஒரு ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தட்டு அகலத்துக்குப் பரவியது. மேலே பார்த்தேன். விஷயம் புரிந்துவிட்டது. மனுஷன் ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்! மரியாதைக்குக் கட்டின தலைப்பாகையா அது? சொட்டுச் சத்தம் கேட்கக் கூடாது, தரையில் ஈரம் தெரியக் கூடாது என்று எட்டு முழ வேட்டியைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்கு அது தாங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அவர் தயவில் வராண்டாவுக்கு வந்த பாவு அவர் கணக்கையே கவிழ்த்துவிட்டது. குடையைச் சுழற்றிக்கொண்டு நடந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும். நகர முடியாத இடத்தில் நின்று எப்படிப் பேசுவார்?

மஸ்தான் பாய்க்குக் கண் ஜாடை காட்டினேன். பாய் கெட்டிக்காரர். சட்டென்று இன்ஜினியருக்கு அந்தப் பக்கம் போய் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சாப், இந்த அடுப்பு கதை தெரியுமா சாப்? ஊட்டிக்குப் போவ வேண்டிய அடுப்பு சாப் இது..."

கட்டடம் சார் சொன்ன வரலாறு அப்படியே வந்தது. பாய் தன் பங்குக்கு, ஊட்டி கிளார்க்குகள் குளிர் தாங்காமல் பைல்களை எரித்துக் குளிர்காய்ந்ததையும், அதில் ஒருத்தனுக்கு வேலை போனதையும் சேர்த்துக்கொண்டார். முடிக்கும் முன்னால் ஜன்னலில் ஏகாம்பரம் தலை தெரிந்தது.

"பாய், வராண்டாவை வுட்டுட்டியே. ஐயா, இந்தத் தண்டவாளத்தைப் பாருங்க. ரிடையர் ஆயும் வேலை செஞ்சுக்கினு இருக்குது. ரயிலையே தாங்கினதாச்சே, பட்டைத் தாங்காதா?"

அடுத்த ஜன்னலில் பச்சையம்மா. இழை முடிகிற கை நிற்கவில்லை. "ஆர்ச்சைச் சொல்லு முதல்ல. ஐயா, அந்த ஆர்ச்சு உச்சியில ஒரு கல்லு இருக்குது பாருங்க. பாத்தா சும்மா குந்திக்கினு இருக்காப்பல இருக்கும். அதை எடுத்தா அத்தினியும் வுழுந்துடும். எங்க மாமியாரு மாதிரி."

நானும் விடவில்லை. தளம், செங்கல், கடுக்காய், வெல்லம், எறும்பு எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு வரைக்கும் போயிருக்க வேண்டாம். மஸ்தான் பாய் என் காலை மிதித்தார். ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் கொட்டாவி விட்ட கூட்டம் நாங்கள். ஒரு வார்த்தை விடாமல் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது.

இன்ஜினியர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

உள்ளே இரண்டு கை, ஜன்னலில் இரண்டு கை, நான்கும் ஒரே பக்கம் நீண்டன. இன்ஜினியர் திரும்பினார். தலைப்பாகை முழுசும் நனைந்து, ஊறி, காது வழியாகவும் கழுத்து வழியாகவும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டடம் சாருக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை.

"என்னய்யா இது, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். தும்மல் வந்துவிட்டது. மூன்று தும்மல். மூன்றாவது தும்மலில் ஆள் ஒரு அடி தள்ளிப் போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் சொட்டு என்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மழை இரைச்சலையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது.

இன்ஜினியர் எழுந்து போய் அந்த இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். சரியாக அவர் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது.

"சார், அது வேர்வை" என்றார் கட்டடம் சார். அந்த இடத்தில் வந்து நின்ற பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். பிறகு கையைக் கூப்பினார். "சார், கட்டடம் ஒழுகல சார். சிம்னிதான் ஒழுகுது. சிம்னி இதோட தப்பு இல்ல சார். படத்தை மாத்தி அனுப்பிட்டாங்க. யாரோ பண்ண தப்புக்கு இதை இடிச்சுடாதீங்க சார்."

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டடம் சாரைப் பார்த்தார். "இதுக்காகவா காலைல இருந்து இப்படி நிக்கறீங்க?" என்றார். கட்டடம் சாரின் பல் கிட்டுகிற சத்தம்தான் பதில்.

"ஏம்பா பியூன், ஆள் நடுங்கறார் பாரு. அந்த அடுப்பைப் பத்த வை. அதுக்குத்தானே கட்டி வெச்சிருக்கான்?"

கட்டடம் சார் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். நடுக்கத்திலும் ஒரு வெளிச்சம். அந்த அடுப்பு பிறந்ததில் இருந்து யாருமே அதை அடுப்பாக நடத்தியதில்லை. மஸ்தான் பாய் கொடிக்கம்பங்களை வெளியே எடுத்தார். பூனை இல்லை என்று உறுதி செய்துகொண்டார். மூலையில் கிடந்த பழைய ஸ்லீப்பர் கட்டைச் சிராய்களைப் போட்டு, லாந்தரில் இருந்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார். நன்றாகவே பிடித்துக்கொண்டது. கட்டடம் சார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, தீயை அல்ல, அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு புகைபோக்கிக்குள் ஏதோ இரைந்தது. கட்டின நாளில் இருந்து காக்காயும் மைனாவும் குடித்தனம் நடத்திய கூடுகள், குப்பை, ஒட்டடை எல்லாம் ஒரே கொத்தாக வந்து தீயின் மேல் விழுந்தன. வெளியே போக வேண்டிய புகையில் பாதி ஹாலுக்குள் திரும்பியது. எதிரில் இருப்பவர் தெரியவில்லை. இருமிக்கொண்டே நான் கதவுக்குப் பாய்ந்தேன். என் சட்டைக் காலரை ஒரு கை பிடித்து இழுத்தது. அது இன்ஜினியர் கை.

"கதவைத் திறக்காதே! பாவு!" என்று கத்தினார்.

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம். கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு இரண்டு பெரியவர்கள், ஒரு பியூன், நான். ஆளுக்கு ஒரு ஜன்னலில், லாக்கப்பில் பிடித்துப் போட்ட மாதிரி. எதிரே ஏகாம்பரமும் பச்சையம்மாவும் கடைசி இழையையும் முடிந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். "தோ, ஆச்சு, ஆச்சு, இழுத்துப் புடிங்க ஐயா" என்று பச்சையம்மா சொன்னது மூச்சையா பாவையா என்று இன்றுவரை தெரியாது.

மீதிப் பாதிப் புகை, பூவேலை செய்த சிம்னி வழியாக, மழைக்கு மேலே குபுகுபுவென்று போய்க்கொண்டிருந்தது. தண்டவாளத்தின் ஓரத்தில், நீளமாக, வரிசை ஜன்னலோடு ஒரு சிவப்புக் கட்டடம். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை. மேலே புகை. ஸ்டேஷனில் இருந்த கூட்டம் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டது.

"டேய், ஆபீசு கெளம்புதுடா!" என்று எவனோ கூவினான்.

வாலாஜாபாத் சந்தைக்குப் போக ஸ்டேஷனுக்கு வந்திருந்த ஒரு அம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்ஜினியர் தலை தெரிந்த ஜன்னலுக்கே நேராக வந்து கேட்டாள். "சாமி, இது வாலாஜாபாத்துல நிக்குமா?"

இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலும் சிரிப்பும் கலந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பாவு சுருட்டி முடிந்து கதவைத் திறந்து வெளியே வந்தபோது அவர் முகம் முழுக்கக் கரி. வராண்டாவில் நின்று கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"கட்டடம் ஒழுகல. சிம்னிதான் ஒழுகுது. அப்படித்தான் எழுதப் போறேன். கட்டடம் இருக்கட்டும். சிம்னியை எடுத்துட்டுத் தளத்தை மூடிடுங்க."

கட்டடம் சாருக்கு முகம் மலர்ந்தது, அப்படியே வாடியது. "சிம்னி போயிடுமா சார்?"

"ரெண்டுல எது வேணும் உங்களுக்கு?"

கட்டடம் சார் ஈரத் தலைப்பாகையை அவிழ்த்துப் பிழிந்தார். ஒரு செம்புத் தண்ணீர் வந்தது.

அடுத்த ஒரு வாரம் 'கட்டடத்துக்கு ஜலதோஷம்'. ஆபீசில் அடுப்புக்குப் பதில் ஆவி பிடிக்கப் பானை வந்தது. சிம்னியை எடுக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. கொத்தனார் வரும் நாளில் எல்லாம் கட்டடம் சாரிடம் ஒரு காரணம் இருக்கும். காக்கா முட்டை வைத்திருக்கிறது. ஆடி மாசம், நல்ல காரியம் கூடாது. (இடிப்பது எப்படி நல்ல காரியம் ஆகும் என்று கொத்தனார் கேட்டார், அவரையும் கட்டடத்தைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். கொத்தனார் பிறகு வரவில்லை.) அவர் ரிடையர் ஆகிற நாள் வரைக்கும் சிம்னி அசையவில்லை. பிரிவு உபசாரத்தில் மாலை போட்டுப் பேசச் சொன்னோம். நீளமாகப் பேசுவார் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தோம். எழுந்து நின்று, கூரையைப் பார்த்து, "மழை வந்தா பாத்துக்கோங்கபா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. போன ஐப்பசியில் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். நல்ல மழை. கட்டடம் இருக்கிறது, சிம்னியும் இருக்கிறது. ஒவ்வொரு வளைவின் அடியிலும் நின்று பார்த்துக்கொண்டுதான் உள்ளே போனேன். ஹாலில் யாரோ ஒரு புதுப் பையன் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தான். கணப்புக்கு இடது பக்கம் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நின்றேன். உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது.

"சார், தள்ளி நில்லுங்க, ஒழுகுது" என்றான் பையன்.

"ஒழுகலப்பா, வேர்க்குது" என்றேன். எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.